பேங்கில் 4,86,350 ரூபாய் இருக்கிறது. அதில் சங்கம் செலவழிக்கக்கூடியது எவ்வளவு?

ஆற்றங்கரைக்காரன் | 8 ஜூன் 2024, இரவு 10.40

வணக்கம். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஏப்ரலில் என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். சங்கம் 2019ல் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. வருமான வரித் துறையில் சங்கத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டும் வாங்கியிருக்கிறோம். உறுப்பினர்கள் 340 பேர், சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். நான் மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறேன். ஸ்டாக் எழுதத் தெரியும். சங்கக் கணக்கு எழுதிப் பழக்கமில்லை.

முந்தைய பொருளாளர் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிளம்புகிற அன்று காலை ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பாஸ்புக், செக் புக், ரப்பர் ஸ்டாம்ப், பாதி கிழித்த ரசீதுப் புத்தகம் மூன்று, ஒரு கட்டு பில். பில்களைப் பிரித்தால் பதினைந்து இருபது வெறும் வெள்ளைத் தாள். கம்ப்யூட்டர் பில், வெயிலில் வெளுத்துவிட்டது. நேராக நிமிர்த்தி விளக்கில் பிடித்தால் கடைப் பெயர் மட்டும் லேசாகத் தெரிகிறது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். வரும் ஜனவரியில் பள்ளிக்குப் பவள விழா. போன வாரம் செயற்குழுவில், "பேங்க்ல 4,86,350 கிடக்கே, 3 லட்சத்த எடுத்து ஜாம் ஜாம்னு நடத்திடலாம்" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. அதில் மூன்று குடும்பங்கள் படிக்கிற பிள்ளைகளுக்கென்று கொடுத்த பணம் இருக்கிறது. கழிப்பறைக்கு வசூலித்ததில் மிச்சமும் இருக்கிறது. ஆனால் எது எவ்வளவு என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒரு தாளும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்று. எங்கள் தலைவர், பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பாடம் எடுத்த சார். சங்க வேலைகளுக்குத் தானே போய்ச் சாமான் வாங்கி வருவார். "6,400 ஆச்சுப்பா" என்பார். செக் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவர் ஒரு ரூபாய் தொடமாட்டார் என்று ஊருக்கே தெரியும். அவரிடம் போய் "பில் எங்கே சார்" என்று எப்படிக் கேட்பது?

எங்கிருந்து தொடங்கட்டும்?

பேரேடு | 9 ஜூன், காலை 6.15

தம்பி, வாயை மூடிக்கொண்டதற்காக வருத்தப்படாதீர்கள். அடுத்த கூட்டத்தில் தாளோடு பேசலாம்.

நான் 31 வருடம் கூட்டுறவு வங்கியில் இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஊரில் நான்கைந்து சங்கங்களுக்குக் கணக்கு எழுத உதவுகிறேன். பாதிச் சண்டை திருட்டால் வருவதில்லை. பாஸ்புக்கின் கடைசி வரியைச் சங்கத்தின் சொத்து என்று நினைத்துக்கொள்வதால் வருகிறது. பணம் எங்கே கிடக்கிறது என்பதைப் பாஸ்புக் சொல்லும். யாருக்காகக் கிடக்கிறது என்பதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

இன்று ஞாயிறு. நான்கு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் "உதவித்தொகை நிதி", இரண்டாவதில் "கழிப்பறை நிதி", மூன்றாவதில் "ஆயுள் சந்தா" (வாழ்நாளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கட்டியது, ஒரு வருடத்தில் செலவழிக்க அல்ல), நான்காவதில் "பொது நிதி". 2019லிருந்து பாஸ்புக்கை ஒவ்வொரு வரியாகப் படித்து, ரசீதின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டு, எந்தத் தாளுக்கு உரியதோ அங்கே எழுதுங்கள். செலவும் அப்படியே. புரியாத வரிகளை ஐந்தாவது தாளில் போட்டுவிட்டு மேலே போங்கள், அங்கேயே நிற்காதீர்கள். நான்கு தாளின் இருப்பையும் கூட்டினால் மார்ச் 31 பாஸ்புக் இருப்பு வர வேண்டும். அன்றைக்குக் கொடுத்து இன்னும் பாஸாகாத செக் இருந்தால் அதைப் பாஸ்புக் இருப்பிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் விடை ஐந்தாவது தாளில் இருக்கும்.

வெளுத்த பில்லுக்கு இனி செய்ய ஒன்றுமில்லை. இன்றிலிருந்து வருகிற கம்ப்யூட்டர் பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரோடு பின் அடித்துவிடுங்கள்.

வடக்குவீதி | 9 ஜூன், காலை 9.02

பேரேடு ஐயா சொல்வது பெரிய அறக்கட்டளைகளுக்குச் சரி. 340 பேர் இருக்கிற சங்கத்துக்கு நாலு நிதி, அஞ்சு தாள் என்று போனால் வேலை செய்ய ஒருத்தரும் வரமாட்டார்கள். எங்கள் தெருக் கோயில் கமிட்டியில் ஒரே நோட்டுதான். திருவிழா முடிந்ததும் வரவு செலவை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுவோம். 14 வருடமாக ஒரு பேச்சு வந்ததில்லை.

பவள விழா ஒரு தடவைதான் வரும். உதவித்தொகைப் பணம் சும்மாதானே கிடக்கிறது? எடுத்து நடத்திவிட்டு, விழாவில் வருகிற நன்கொடையை வைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாமே. அதுவும் நம்ம பிள்ளைகளுக்கு, இதுவும் நம்ம பள்ளிக்கூடத்துக்கு.

பேரேடு | 9 ஜூன், காலை 11.30

வடக்குவீதி, சுவரில் ஒட்டுகிற பழக்கம் அருமையானது. அதை விடாதீர்கள். ஆனால் கோயில் கமிட்டியில் வசூலும் செலவும் ஒரே திருவிழாவுக்கு, ஒரே மாதத்தில் முடிகிறது. இவர்களிடம் ஐந்து வருடப் பணம் வேறு வேறு வேண்டுதலோடு கிடக்கிறது.

திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பதைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சங்கத்தில் நூலகக் கட்டடத்துக்கென்று வசூலித்ததில் ஒன்றரை லட்சத்தை ஆண்டு விழாவுக்குக் கைமாத்தாக எடுத்தார்கள். தீர்மானம் இல்லை, எழுத்து இல்லை. விழா முடிந்தது, நன்கொடை எதிர்பார்த்த அளவு வரவில்லை. நான்கு வருடம் "அப்புறம் போடலாம்" என்றே ஓடியது. நடுவில் நிர்வாகம் மாறியது. புதிய நிர்வாகிகளுக்கு அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்த ஒருவர் வெளியூரிலிருந்து வந்து காலி மனையைப் பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு அந்தச் சங்கம் எதற்குக் கேட்டாலும் ஊரில் 100 ரூபாய் பெயரவில்லை. எடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள்.

சின்னாளபட்டி அக்கா | 9 ஜூன், மாலை 4.20

ஆற்றங்கரைத் தம்பி, நான் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு 12 வருடம் கணக்கு எழுதினேன். 1989ல் தருமபுரியில் இந்தக் குழுக்கள் ஆரம்பித்தபோது எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஒரு குழுவுக்கு ஓரிருவர்தான் இருப்பார்களாம். அப்படியிருந்தும் கணக்கு நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பைச் சத்தமாகப் படிப்போம். பணத்தை எல்லோர் முன்னும் எண்ணிப் பெட்டியில் வைப்போம். எழுதத் தெரியாதவளுக்கும் தொகை காதில் விழுந்துவிடும். அடுத்த வாரம் "போன தடவ 8,240ன்னு படிச்சியே, இப்ப ஏன் 7,900?" என்று அவள்தான் முதலில் கேட்பாள்.

உங்கள் செயற்குழுவிலும் கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக நான்கு நிதியின் இருப்பையும் படியுங்கள். இரண்டே நிமிடம் ஆகும். மூன்று கூட்டம் ஆனதும் "பேங்க்ல 4 லட்சம் கிடக்கே" என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

தலைவர் சார் விஷயத்துக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டு விசேஷத்தில் மொய் மேசையைக் கவனித்திருக்கிறீர்களா? பணம் வாங்கி எண்ணி டப்பாவில் போடுபவர் ஒருவர். பெயரும் ஊரும் தொகையும் எழுதுபவர் இன்னொருவர். வெற்றிலை பாக்குப் பை கொடுக்க மூன்றாவது ஆள். மூன்று பேரும் பெரும்பாலும் சொந்த மாமன் மச்சான்தான். சந்தேகப்பட்டா அப்படி உட்காரவைக்கிறோம்? ராத்திரி நோட்டைக் கூட்டி டப்பாவை எண்ணினால் ஐந்து பத்து வித்தியாசம் வந்தாலும் ஒருவர் தலையில் விழக்கூடாது என்றுதான். வாங்குகிறவரே எழுதுகிறவராக இருந்தால் அந்தப் பாரம் அவரைத்தான் அழுத்தும். உங்கள் சங்கத்தில் அந்தப் பாரத்தை ஐந்து வருடமாக சார் ஒருவரே சுமக்கிறார்.

ஆற்றங்கரைக்காரன் | 9 ஜூன், இரவு 11.55

அக்கா, மொய் மேசை உதாரணம் மனதில் நின்றுவிட்டது. ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லி சாரிடம் பில் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

காலை முதல் உட்கார்ந்து எல்லாத் தாளும் முடித்தேன். மூத்த மகள் அடிக்கட்டை எண்களைப் படிக்க, நான் எழுதினேன். 31 மார்ச் நிலவரம் இது.

உதவித்தொகை நிதி 2,00,000. கழிப்பறைக்கு வசூல் 1,85,000, செலவானது 62,000, மிச்சம் 1,23,000. ஆயுள் சந்தா 24 பேர், தலைக்கு 3,000 வீதம் 72,000. இவை போக மீதி 91,350. அதிலும் பிப்ரவரி ஆண்டு விழாப் பந்தல்காரருக்குக் கொடுக்க வேண்டிய 18,500 பாக்கி. அவர் இரண்டு தடவை போன் செய்திருக்கிறார், பழைய பொருளாளர் என்னிடம் சொல்லவில்லை.

ஆகச் சங்கம் தன் விருப்பத்துக்குச் செலவழிக்கக்கூடிய பணம் 72,850.

தொகை நேர்பட்டதும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அந்த 72,850ஐப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. 3 லட்சம் என்று எல்லோரும் தலையாட்டிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். உதவித்தொகைப் பணம் சேமிப்புக் கணக்கிலேயே கிடந்திருக்கிறது. 2.7 சதவீத வட்டி, வருடத்துக்கு 5,400. போன வருடம் ஐந்து பிள்ளைகளுக்கு 3,000 வீதம் 15,000 கொடுத்தோம். மீதி 9,600 சந்தாப் பணத்திலிருந்து போயிருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

தணிக்கை மேசை | 10 ஜூன், காலை 10.10

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் அறக்கட்டளைக் கணக்குகள் மட்டும் பார்க்கிறேன். பார்த்தவுடன் தோன்றியவற்றைச் சொல்கிறேன். உங்கள் ஆடிட்டரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் அவசரமானது. 80ஜி ரசீது கொடுத்த சங்கம், யார் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்ற பட்டியலைப் படிவம் 10பிடியில் மே 31க்குள் வருமான வரி இணையதளத்தில் போட வேண்டும். போட்டால்தான் கொடுத்தவர்களுக்கான சான்று, படிவம் 10பிஇ, கிடைக்கும். அது இல்லாமல் அவர்கள் வரிச்சலுகை கேட்க முடியாது. தவறினால் நாளுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணம். நிர்வாகம் மாறிய வருடத்தில் பல சங்கங்கள் இதில்தான் தவறுகின்றன. இன்றே கேளுங்கள்.

அடுத்து ரொக்கம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி கிடையாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாக நீங்கள் கொடுத்தால் அந்தச் செலவை வரிக்கணக்கில் ஏற்கமாட்டார்கள். வருமானத்தில் 85 சதவீதத்தைச் சங்கத்தின் நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், இது பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும் வருடக் கடைசியில் இடிக்கும்.

விழாவுக்குப் பந்தல், சமையல் என்று ஒப்பந்தம் பேசும்போது, ஒரே பில் 30,000ஐத் தாண்டினால் டிடிஎஸ், அதாவது கொடுக்கும் பணத்திலேயே வரியைக் கழித்து அரசுக்குக் கட்டுவது, பிடிக்க வேண்டும். தனிநபர் என்றால் 1 சதவீதம். அதற்கு டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) வேண்டும், இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். டிடிஎஸ் பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கணக்கில் ஏறாது.

உதவித்தொகை 2 லட்சத்துக்கு, அசலைத் தொடக்கூடாது, வட்டி மட்டும் செலவழிக்க வேண்டும் என்று கொடுத்தவர்கள் எழுதித் தந்திருக்கிறார்களா? எழுத்தில் இருந்தால்தான் அதை அசல் நிதி என்று காட்ட முடியும். அட்டவணை வங்கியில் (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கி) சேமிப்புக் கணக்கில் இருந்தது சட்டப்படி தப்பில்லை. ஆனால் எஃப்டியில் (நிலையான வைப்பு) போட்டிருந்தால் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய முழுத்தொகையும் வட்டியிலேயே வந்திருக்கும்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7 போட்டாயிற்றா? வங்கியில் கையெழுத்து மாற்றும்போது பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆற்றங்கரைக்காரன் | 11 ஜூன், இரவு 9.30

10பிடி போடவில்லை. இன்றைக்கு 11 நாள், 2,200 ரூபாய். நன்கொடை கொடுத்த 27 பேரில் 9 பேருக்குப் பான் எண்ணோ ஆதார் எண்ணோ வாங்கவில்லை. இரண்டு நாளாக அந்த ஒன்பது பேருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பெரியவர், "500 ரூவா குடுத்ததுக்கு ஆதார் கேக்குறியேப்பா" என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் ஆனது. கடைசியில் கொடுத்துவிட்டார்.

துணிப்பையின் அடியில் ஒரு கவர் இருந்தது. மூன்று குடும்பத்தில் ஒரு குடும்பம் கைப்பட எழுதிய கடிதம். "எங்கள் அம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். இந்தத் தொகையின் வட்டியில் வருடந்தோறும் ஒரு பெண் பிள்ளைக்காவது உதவவும்." மற்ற இரண்டு குடும்பங்களுக்கு மினிட் புக்கில் தீர்மானம் மட்டும் இருக்கிறது.

இந்தத் தாமதக் கட்டணத்தை எந்தச் செலவில் எழுதுவது?

பேரேடு | 12 ஜூன், காலை 6.05

"தாமதக் கட்டணம்" என்று தனித் தலைப்பில் எழுதுங்கள். "இதர செலவு" என்பதற்குள் புதைக்காதீர்கள். பொதுக்குழுவில் யாராவது ஏன் என்று கேட்பார்கள், கேட்கட்டும். நடந்ததைச் சொல்லுங்கள், பழைய பொருளாளரைக் குறை சொல்லாமல். பை கைமாறிய நாளில் பட்டியல் போட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. அடுத்தவருக்கு நீங்கள் கொடுக்கும்போது அப்படிக் கொடுங்கள்.

கடல்தாண்டி | 12 ஜூன், மதியம் 1.15

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வேறு ஊர், வேறு பள்ளி, ஆனால் இதே கதையை எங்கள் சங்கத்தில் பார்த்தேன். உங்கள் பவள விழாவுக்கு வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் கட்டாயம் பணம் அனுப்பக் கேட்பார்கள். வாங்குவதற்கு முன் யாரிடம் என்ன பாஸ்போர்ட் இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஊர்க் கிளைக் கணக்கில் நேராக வாங்கக்கூடாது.

என் நண்பர் ஒருவர் இங்கே குடியுரிமை வாங்கி எட்டு வருடம் ஆகிறது. ஆசை ஆசையாக 50,000 ரூபாய் அனுப்ப நினைத்தார். இதைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "நான் படிச்ச ஸ்கூலுக்கு நான் வெளிநாட்டுக்காரனா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் டிசம்பரில் ஊருக்குப் போய், பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கணினிப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார்.

வடக்குவீதி | 13 ஜூன், காலை 8.40

72,850 என்று பார்த்ததும் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் பணத்தில் கை வைக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் விழா நடக்க வேண்டும். 72,850ஐ வைத்துப் பவள விழா எப்படி நடத்துவது? பட்ஜெட் என்று சொல்வதெல்லாம் ஆசைப் பட்டியலாகத்தானே போடுகிறோம்.

ஆற்றங்கரைக்காரன் | 16 ஜூன், இரவு 10.15

10பிடி 14ஆம் தேதி போட்டாயிற்று. 2,800 ரூபாய்.

இரண்டு பட்ஜெட் தயாரித்தேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, சங்கத்தின் வழக்கமான வருடம். வரவில் சந்தா 340 பேர், 300 வீதம் 1,02,000. செலவில் தணிக்கையும் தாக்கலும் 9,000, பொதுக்குழு 14,000, தபால், அச்சு, போக்குவரத்து 8,000, பரிசளிப்பு 12,000.

இரண்டு, பவள விழா. பந்தல் மேடை 70,000, மதிய உணவு 600 பேருக்கு 120 வீதம் 72,000, விழா மலர் 600 பிரதி 75 வீதம் 45,000, நினைவுப் பரிசு 35,000, ஒலி ஒளி 18,000, அழைப்பிதழும் தபாலும் 10,000. இவை 2,50,000. எதிர்பாராததற்கு 25,000. மொத்தம் 2,75,000.

பேரேடு | 17 ஜூன், காலை 6.20

இரண்டாகப் பிரித்தது சரி. விழாவுக்கு ஐந்தாவது நிதி ஒன்று திறந்துவிடுங்கள்.

சந்தாவைப் பாருங்கள். 340 பேர் என்று போட்டிருக்கிறீர்கள். போன வருடம் உண்மையில் எத்தனை பேர் கட்டினார்கள்? ரசீதுப் புத்தகத்தில் எண்ணிப் பாருங்கள், அந்த எண்ணைத்தான் பட்ஜெட்டில் போட வேண்டும். உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாம் சந்தா கட்டுபவர்கள் ஆகிவிடமாட்டார்கள்.

ஆற்றங்கரைக்காரன் | 17 ஜூன், காலை 7.50

188 பேர். 56,400 ரூபாய். 24 ஆயுள் உறுப்பினர்கள் கட்ட வேண்டியதில்லை, மற்றவர்களிடம் யாரும் கேட்கவே போகவில்லை.

பேரேடு | 17 ஜூன், மாலை 5.30

அப்படியானால் 56,400. உங்கள் வழக்கமான செலவு 43,000. மிச்சம் 13,400. பந்தல் பாக்கி 18,500ஐ ஏற்கனவே கழித்துவிட்டீர்கள், அதை முதலில் கொடுத்துவிடுங்கள். அந்த மனிதரிடம்தான் ஜனவரியில் மறுபடி போய் நிற்கப் போகிறீர்கள்.

72,850லிருந்து ஒரு வருட வழக்கமான செலவில் பாதியையாவது, சுமார் 22,000, தொடாமல் வையுங்கள். விழாவுக்குப் பொது நிதியிலிருந்து அதிகபட்சம் 50,000 கொடுக்கலாம். மீதி 2,25,000 விழாவுக்கென்றே வசூலாக வேண்டும்.

இனி முக்கியமானது. ஆறு செலவையும் எதை முதலில் வெட்டுவோம் என்ற வரிசையில் இப்போதே செயற்குழுவில் எழுதி வாங்குங்கள். வசூல் குறைந்தபிறகு டிசம்பரில் உட்கார்ந்து வெட்டினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால் நினைவுப் பரிசு முதலில் போகும், அடுத்து மலரின் பக்கங்கள், அடுத்து மேடை அலங்காரம். சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நாற்பது வருடம் கழித்துப் பள்ளிக்கு வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது. அக்டோபர் 15 என்று ஒரு நாள் குறியுங்கள். அன்றைக்குக் கையில் வந்த பணத்துக்கு மட்டும்தான் ஆர்டர். "தர்றேன்னு சொல்லிருக்காங்க" என்பது வரவு ஆகாது.

சின்னாளபட்டி அக்கா | 17 ஜூன், இரவு 8.05

தம்பி, தலைவர் சார் கையில் 3,000 ரூபாய் சில்லறைச் செலவுக்கென்று கொடுத்துவிடுங்கள், கூடவே ஒரு வவுச்சர் புத்தகமும். எந்த நேரம் எண்ணினாலும் அவர் கையில் இருக்கும் பணமும் வவுச்சரும் சேர்ந்து 3,000 வர வேண்டும். தீர்ந்ததும் வவுச்சரை வாங்கிக்கொண்டு அதே தொகைக்குச் செக். ஆட்டோக்காரரும் பூக்காரம்மாவும் பில் தரமாட்டார்கள், வவுச்சரில் அவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ போதும். அப்படி வைத்தால் நீங்கள் அவரிடம் போய் பில் கேட்க வேண்டியிருக்காது, அவரே கொண்டுவந்து நீட்டுவார்.

ஒன்று மட்டும், ஆடிட்டர் மேல் பழியைப் போட்டுக் கேட்காதீர்கள். வாத்தியாரிடம் பொய் சொல்லித் தொடங்கினால் உங்களுக்கே நெஞ்சு உறுத்தும்.

தணிக்கை மேசை | 18 ஜூன், காலை 10.40

மென்பொருள் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்கப் போகிறீர்கள். வருடத்துக்கு 300 வரி தாண்டாத கணக்குக்கு டேலி தேவையில்லை, எக்ஸெல் போதும். தேதி, ரசீது அல்லது வவுச்சர் எண், யார், எதற்கு, எந்த நிதி, வரவு, செலவு, இருப்பு. இந்த எட்டுப் பத்தியில் "எந்த நிதி" என்பதைக் காலியாக விட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். மாதக் கடைசியில் பாஸ்புக்கோடு ஒப்பிட்டு, அச்செடுத்து, இன்னொருவர் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

ஜிபே எண் சங்கக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஒரு தடவை வாங்கினால்கூட அதைப் பிரித்தெடுப்பது பெரிய பாடு.

விழா அன்று உண்டியல் வைப்பதாக இருந்தால், பெயர் தெரியாத நன்கொடை ஒரு லட்சம், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. உங்கள் அளவுக்கு அது வராது. இருந்தாலும் மேசை போட்டுப் பெயரெழுதி வாங்குவது நல்லது. அக்கா சொன்ன மொய் மேசைதான்.

ஆற்றங்கரைக்காரன் | 19 ஆகஸ்ட், இரவு 11.20

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நேற்று பொதுக்குழு நடந்தது. பள்ளியின் பழைய பத்தாம் வகுப்பு அறை, 112 பேர் வந்தார்கள். அக்கா சொன்னபடி முதல் வேலையாக எழுந்து ஐந்து நிதியையும் சத்தமாகப் படித்தேன். குரல் நடுங்கியது. 72,850 என்று படித்ததும் அறை அமைதியாகிவிட்டது. ஒருவர் எழுந்து "மீதிப் பணம் எங்கப்பா?" என்றார். "இங்கேதான் இருக்கு, ஆனா நமக்கு இல்ல" என்று சொல்லி அந்தக் கடிதத்தைப் படித்தேன். அந்தக் குடும்பத்தின் மகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்தில் இருந்தவர்கள்தான் பிறகு சொன்னார்கள்.

உதவித்தொகை 2 லட்சம் எஃப்டிக்குப் போய்விட்டது, 7 சதவீதம், வருடத்துக்கு 14,000. ஆயுள் சந்தாவும் தனி எஃப்டி. 2,800 பற்றி ஒருவர் கேட்டார், நடந்ததைச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். வெட்டுகிற வரிசைக்குத் தீர்மானம் போட்டாயிற்று. ஆனால் பேரேடு ஐயா, மலரை வெட்டக்கூடாது என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். மேடை அலங்காரம் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அந்த அறையிலேயே விழா நிதிக்கு 38,500 வசூலானது. மேசையில் ஒருவர் வாங்க, ஒருவர் எழுத, என் மகள் ரசீது கிழித்துக் கொடுத்தாள்.

தலைவர் சாருக்கு வவுச்சர் புத்தகம் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. "சார், நீங்க நல்லவர்ங்கிறது எங்களுக்குத் தெரியும், நமக்கு அப்புறம் வர்றவங்களுக்கு இந்தத் தாள்தான் சொல்லும்" என்றேன். ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். நேற்று கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஸ்கூட்டரிலிருந்து ஒரு பழைய ஷூ பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே 2019லிருந்து அவர் தன் கைக்காசில் செய்து சங்கத்திடம் கேட்காமல் விட்ட செலவுகளின் பில்கள், வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. எல்லாமே ஜெராக்ஸ். கூட்டிப் பார்த்தேன், 41,270. "இத எனக்குத் தர வேண்டாம்பா. எங்கயாவது எழுதி மட்டும் வையி" என்றார்.

இதை எங்கே எழுதுவது? முடிந்த வருடங்களின் கணக்கில் இனி நுழைக்க முடியாது என்று ஆடிட்டர் சொல்கிறார்.

பேரேடு | 20 ஆகஸ்ட், காலை 5.50

கணக்கில் வேண்டாம், ஆடிட்டர் சொல்வது சரி. மினிட் புக்கில் எழுதுங்கள். வருடவாரியாகத் தொகை, மொத்தம் 41,270, திருப்பிக் கேட்கவில்லை என்று அவர் கையெழுத்து, செயற்குழுவின் நன்றித் தீர்மானம். பில்களை அதே பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் தீர்மான எண்ணை எழுதிப் பீரோவில் வையுங்கள்.